ரேடியோ திருப்பும் உத்தியோகம்

காலை ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவில் நான் முழுதாக விழித்திருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து இப்படித்தான். முன்னறையில் சாய்வு நாற்காலி, முகத்துக்கு மேல் பேப்பர், பின்கட்டில் ரேடியோ. செய்தி வாசிக்கிற அம்மாள் ஏதோ ஓர் அணையின் நீர்மட்டத்தைச் சொல்வார். நான் அந்த அணையின் மேல் நடந்துகொண்டிருப்பேன். பிறகு புல்லாங்குழல் வரும். தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிவந்து என் செருப்பை நனைக்கும். நனைவதும் சுகமாகத்தான் இருக்கும். சரியாக அந்த இடத்தில் என் மனைவியின் குரல் கேட்கும்.

“ஏன்னா, இத செத்த திருப்பிட்டுப் போங்கோளேன். மறுபடியும் ஓடிப்போயிடுத்து.”

ஓடிப்போனது ரேடியோ ஸ்டேஷன். அதைப் பிடித்துக் கொண்டுவர வேண்டியவன் நான்.

வலியசாலையில் எங்கள் வீடு, தெருவிலுள்ள மற்ற வீடுகளைப் போலவே அகலத்தில் கஞ்சம், நீளத்தில் தாராளம். முன்னறை, கூடம், ஓர் இருட்டு அறை, நடுமுற்றம், அதற்கும் அப்புறம் அடுக்களை. நான் எழுந்து, பேப்பரை மடித்து வைத்து, முற்றத்து ஈரத்தில் வழுக்காமல் சுவரோரமாக நடந்து அடுக்களை வாசலை அடைவதற்குள் புல்லாங்குழலே முடிந்துவிடும். அங்கே நிலைக்கு உட்பக்கம், என் தோள் உயரத்தில் ஒரு மரப்பலகை. அதன்மேல் எங்களுக்குக் கல்யாணமான வருஷம் வாங்கிய ரேடியோ. நான் படி தாண்டாமல் கையை மட்டும் நீட்டிக் குமிழைத் திருப்புவேன். இரண்டடி தள்ளி அடுப்பின் முன்னால் நிற்கிற அவள் அதைத் தொடமாட்டாள். அவள் மடி.

எங்கள் தெருவில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குளித்துவிட்டு, முந்தின நாளே துவைத்துக் கொடியில் போட்டு யார் கையும் படாமல் உலர்ந்த புடவையைக் கட்டிக்கொண்டு அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். சமைத்ததைச் சாமிக்குக் காட்டுகிற வரை, மடியில்லாத ஆளையும் தொடமாட்டாள், அந்த ஆள் தொட்டுப் புழங்குகிற சாமானையும் தொடமாட்டாள். குளிக்காமல், காப்பி குடித்த வாயும் பேப்பர் மை படிந்த விரலுமாக உட்கார்ந்திருக்கிற நான் அந்த ஆள். நான் திருப்புகிற ரேடியோ அந்தச் சாமான். ஆகவே கேட்பது அவள், திருப்புவது நான் என்று ஓர் ஏற்பாடு. யார் எப்போது செய்த ஏற்பாடு என்று ஞாபகமில்லை. கல்யாணமான மறுமாதமே அது நடைமுறைக்கு வந்திருந்தது.

அந்த ரேடியோவும் லேசுப்பட்டதல்ல. எங்கள் ஊர் ஸ்டேஷன் மலையாளத்தில் கணீரென்று கேட்கும். முள்ளை அதிலிருந்து இம்மியளவு தள்ளினால், பொன்முடி மலைக்கு அந்தப்புறமிருந்து ஒரு தமிழ் ஸ்டேஷன் வரும். அவளுக்கு அதுதான் வேண்டும். அவள் பிறந்து வளர்ந்தது மலைக்கு அந்தப்புறம், திருநெல்வேலிப் பக்கம். விடியற்காலையில் அந்தக் குரல் பக்கத்தில் நின்று பேசும். வெயில் ஏற ஏறத் தள்ளிப்போகும். மேகம் மலைமேல் தங்கிவிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் மலையாளமும் தமிழும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, வேறெந்த ஊரிலும் பேசாத ஒரு பாஷையில் உரத்தின் அளவும் நேயர் விருப்பமும் சேர்ந்து வரும். நாற்காலியில் கண்ணை மூடிக் கிடக்கிற எனக்கு அது போதுமானதாகவே இருந்தது. அந்தக் குரல் தேயிலைத் தோட்டத்து மேலே பனியோடு பனியாக ஏறி, வளைவு வளைவாக இறங்கி, எங்கள் ஓட்டுக்கூரையைத் தடவிப் பார்த்து உள்ளே வருவதாக நினைத்துக்கொள்வேன். அவளுக்குப் போதாது. கூப்பிடுவாள்.

காலையில் ஏழெட்டுத் தடவை கூப்பிடுவாள். நான் ஏழெட்டுத் தடவையும் முணுமுணுத்துக்கொண்டுதான் போவேன். எனக்கு முன்கோபம் உண்டு. அதைவிட முனகல் அதிகம். ‘மனுஷனை ஒரு வாய் காப்பி நிம்மதியாகக் குடிக்க விடமாட்டாள்’ என்பது என் நித்திய பாராயணம். நான் குமிழை நகர்த்திக்கொண்டு நிற்கிற அந்த ஒன்றிரண்டு நிமிஷத்தில் அவள் முதுகைத் திருப்பாமலே ஏதாவது கேட்பாள். மாத்திரை போட்டுக்கொண்டேனா, போனில் பேசியது எங்கள் பெண்ணா, எதிர்வீட்டு வாசலில் என்ன சத்தம், பேப்பரில் மழை உண்டென்று போட்டிருக்கிறதா. நான் பதில் சொல்வேன். முள் நிலைக்கும். திரும்பிவிடுவேன். நாங்கள் உட்கார்ந்து பேசுகிற தம்பதி அல்ல. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை.

ஓர் ஆடி மாதக் காலையில் நான் குமிழைத் திருப்பியபோது முள் நகரவில்லை. உள்ளே ஏதோ அறுந்து, குமிழ் வெறுமனே சுற்றியது. ரேடியோவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தம்பானூரில் ஒரு லாட்ஜுக்குக் கீழே இருக்கிற பழைய மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதுகுமூடியைக் கழற்றி, முள்ளை இழுக்கிற நூல் அறுந்திருப்பதை எனக்குக் காட்டினார். புடவைக் கரையில் பிரிந்த இழை மாதிரி தொங்கியது.

“சாரே, இந்த நூலு இப்போ எங்கயும் கிட்டாது. கிட்டினாலும் சக்கரம் தேஞ்சு போச்சு. புதுசு வாங்கிக்கோ சாரே, அதாணு நல்லது” என்றார். பாதி எங்கள் பாஷை, பாதி அவர் பாஷை.

எனக்கு உள்ளூர சந்தோஷம். நான் வேலை பார்த்த காலமெல்லாம் ஊர் ஊராகப் போய் ரோடுகளைப் பார்வையிட்டவன். தார் எத்தனை கனம், ஜல்லி எந்த அளவு, ஓரத்தில் தண்ணீர் ஓட வழியிருக்கிறதா என்று பார்த்துக் குற்றம் எழுதுகிற உத்தியோகம். ஓய்வு பெற்றபின் குற்றம் கண்டுபிடிக்க ஒன்றுமில்லாமல் கை அரித்துக்கொண்டிருந்தது. ஒரு ரேடியோவைத் தேர்ந்தெடுப்பது என்றதும் பழைய ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது.

தேர்ந்தெடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரமும் அடுக்களை நிசப்தமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்துச் சமைக்கிறவள் அல்ல. செய்தி தொடங்கினால் அரிசி களைவாள், விவசாயிகளுக்கான நிகழ்ச்சி முடிந்தால் புளி கரைப்பாள். ரேடியோ போனதும் மணி போய்விட்டது. “ஏன்னா, மணி என்ன?” என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை. அடுக்களையிலேயே ஒரு கடிகாரம் மாட்டினேன். அதற்கு அப்புறமும் கேட்டாள். பிறகு ஒருநாள், “அந்தப் பேப்பரத்தான் இங்க கொண்டுவந்து படியுங்கோளேன். நீங்க மட்டும் மனசுக்குள்ள படிச்சுண்டா எனக்கென்ன பிரயோஜனம்?” என்றாள்.

நிலையில் சாய்ந்துகொண்டு படித்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. முற்றத்தில் ஓட்டிலிருந்து ஒழுகுகிற நீர் அண்டாவில் விழுந்து நிரம்பி வழிந்தது. அவள் முதுகு, அடுப்பு, எழுகிற ஆவி, அதற்குள் என் குரல். இரண்டாம் பக்கத்தில் ஓர் அரசியல்வாதியின் பேச்சைப் படித்தபோது அவள் கரண்டியை நிறுத்தி, “இந்தாள் போன வாரம் வேற மாதிரின்னா பேசினான்” என்றாள். அவளுக்கு அரசியல் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மரண அறிவிப்புகளில் யாராவது நூறு வயதுக்குப் பக்கத்தில் போயிருந்தால் மெனக்கெட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். ராசிபலனில் தன்னுடையதை விட்டுவிட்டு என்னுடையதை மட்டும் படிக்கச் சொல்வாள். கால் வலிக்க நின்று படித்துவிட்டு, இந்தத் தொல்லை சீக்கிரம் தீரவேண்டுமென்று கடைக்குக் கிளம்புவேன். என் புத்தி அப்படி.

பெங்களூரில் இருக்கிற எங்கள் பெண் போனில் ஒரு யோசனை சொன்னாள். “அப்பா, ரேடியோல்லாம் என்னத்துக்கு? சொன்னா கேக்கற ஸ்பீக்கர் ஒண்ணு இருக்கு. அம்மா தொடவே வேண்டாம். ‘பாட்டு போடு’ன்னு சொன்னா மதி, வேறொண்ணும் வேண்டாம், அது போட்டுடும்.”

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். “நான் சொன்னா கேக்கற ஒண்ணு இந்தாத்துக்கு வரப்போறதா? வரட்டும், நன்னாருக்கும்” என்றாள். பிறகு, “அடுப்பங்கரையில தனியா நின்னுண்டு ஒரு பொட்டிகிட்ட பேசறதுக்கு எனக்கென்னடி பைத்தியமா?” என்றாள். பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கடை. நாகர்கோவில் பக்கத்து அம்மாள் ஒருவர் நடத்துகிறார். நான் காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்த நிபந்தனைகளைப் படித்தேன். மலைக்கு அந்தப்புறத்து ஸ்டேஷன் எடுக்க வேண்டும். ஆவி பட்டால் கெடக்கூடாது. மிக்ஸி ஓடும்போதும் கேட்க வேண்டும். கரண்டு போய் வந்தால் மறந்துவிடக் கூடாது. அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சாரு ரேடியோ வாங்க வந்தீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்க வந்தீங்களா?” என்றார்.

முதலில் அவர் என் தலையில் கட்டிய பெட்டி அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் எஃப்.எம். மட்டும்தான், மலை தாண்டி வருகிற மீடியம் வேவ் இல்லை. மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். அடுத்தது தானாகவே ஸ்டேஷன் தேடுகிற டிஜிட்டல். பொத்தானை அழுத்தினால் எண்கள் ஓடும். சத்தமான ஸ்டேஷனில் நிற்கும். சன்னமான குரல்களை எல்லாம் ஒன்றுமில்லாத இடமென்று நினைத்துத் தாண்டிப் போய்விடும். கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபடி அதைக் காதில் வைத்துக்கொண்டு எத்தனையோ நேரம் நின்றேன். தாண்டிப் போகிற இடத்திலெல்லாம் யாரோ பேச வாயெடுப்பதுபோலவும், நான் நிற்காமல் போய்விடுவதுபோலவும் இருந்தது. தெருவில் சைக்கிள்களும் குடைகளும் தண்ணீரில் மிதந்து போயின. அப்படியே நின்றவாக்கில் கண்ணயர்ந்துவிட்டேன் என்று அந்த அம்மாள் பிறகு சொன்னார்.

“சார், தேடவே வேண்டாம். இத பாருங்க, இது வேறயாக்கும். முள்ளு கெடையாது, தேடல் கெடையாது. நம்பர அடிச்சா நேரா அங்க போய் நிக்கும். எத்தன மணிக்கு எந்த ஸ்டேஷன்னு சொல்லி வச்சிரலாம். அதுவா தொறக்கும், அதுவா மாறும், அதுவா அணையும். தொட வேண்டாம்” என்று கடைக்கார அம்மாள் இன்னொரு பெட்டியை எடுத்து வைத்தார்.

தொட வேண்டாம் என்ற சொல்லில் எனக்குப் பொறி தட்டியது. மடிக்கு இதைவிடத் தோதான சாமான் உலகத்தில் உண்டா! உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. முகத்தில் பச்சை வெளிச்சத்தில் எண். எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். வாங்கிவிட்டேன்.

வழிமுறைப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு தடவை படித்தேன். ஒரு மத்தியானம் முழுக்க மரப்பலகையடியில் நின்று, ஜன்னலோரம் திருப்பி, அடுக்களை பல்பை மாற்றி (பழைய பல்பு எரிந்தால் தமிழ் ஸ்டேஷனில் ஓர் உறுமல் வந்தது), கடைசியில் மலைக்கு அந்தப்புறத்துக் குரலைப் பிடித்தேன். கூடத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தெளிவாக இருந்தது. ஆறு மணிக்கு பக்திப் பாட்டு, ஆறே முக்காலுக்குச் செய்தி, அப்புறம் விவசாயம், எட்டுக்கு எங்கள் ஊர் மலையாளச் செய்தி, ஒன்பதுக்கு மறுபடி தமிழ், பத்துக்கு நேயர் விருப்பம் என்று அவளுடைய காலை முழுவதையும் வரிசையாக அதில் ஏற்றினேன். மலைமேல் பாலம் கட்டி முடித்த எஞ்சினீயர் மாதிரி பெருமூச்சு விட்டேன்.

மறுநாள் காலை அது சொன்ன நேரத்துக்குத் தானாகத் திறந்தது. நிலையில் நின்று அவளிடம் சொன்னேன்: “பாத்தியா? இனிமே நீ என்னைக் கூப்பிடவே வேண்டாம்.”

அவள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அப்படியா, சரி” என்றாள். அரிசி களையத் திரும்பிக்கொண்டாள். நான் எதிர்பார்த்த பாராட்டு வரவில்லை என்று சின்ன வருத்தத்தோடு நாற்காலிக்குப் போனேன்.

அவள் கூப்பிடவில்லை. அன்றைக்கும் மறுநாளும் கூப்பிடவில்லை. காப்பி ஆறாமல் குடித்தேன். பேப்பரை விளம்பரம் உட்படப் படித்தேன். பின்கட்டிலிருந்து குரல்கள் ஒழுங்காக வந்து, ஒழுங்காக மாறின. கண்ணை மூடினால் அதே அணை, அதே தண்ணீர். செருப்பு நனையும், கணுக்கால் நனையும், முழங்கால் வரை வரும். கூப்பிட ஆளில்லாமல் நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பேன். விழித்துப் பார்த்தால் பதினொரு மணி. இலை போட்டிருப்பாள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ எனக்குப் புரிந்துவிட்டது. காலை முழுவதும் என் பெண்டாட்டி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. பேச வேண்டிய தேவையை நானே மெனக்கெட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, இல்லாமல் ஆக்கியிருந்தேன். அந்த வெள்ளைப் பெட்டிமேல் எனக்குப் பொறாமை வந்தது. வயதான காலத்தில் ஒரு ரேடியோமேல் பொறாமைப்படுவதைப் போய் யாரிடம் சொல்வது? மாத்திரையை வேண்டுமென்றே போடாமல் வைத்திருந்து பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. மத்தியானம் நானே போட்டுக்கொண்டேன்.

இந்த வீட்டில் நான் எதற்கு இருக்கிறேன் என்று முற்றத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். சம்பாதிக்கிறவனாக இருந்தேன், அது முடிந்தது. பெண்ணைப் படிக்கவைத்தேன், அவள் போய்விட்டாள். மிச்சமிருந்தது ரேடியோ திருப்புகிற உத்தியோகம் ஒன்றுதான். அதற்கும் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவள் இனி ஒருபோதும் கூப்பிடாமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நிஜமாகவே பயந்தேன்.

ஒரு மத்தியானம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது பூனைபோல அடுக்களைக்குப் போய் ஒன்பது மணித் தமிழ் ஸ்டேஷனைப் பெட்டியின் ஞாபகத்திலிருந்து அழித்தேன். மற்றதைத் தொடவில்லை. எல்லாவற்றையும் அழித்தால் சந்தேகம் வரும். ஒன்று மட்டும் போதும், ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்று இருந்தது.

மறுநாள் எட்டே முக்காலிலிருந்தே பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒன்பதாயிற்று. மலையாளச் செய்திக்குப் பிறகு ரேடியோ மாறியது. வெறும் இரைச்சல். தூரத்தில் மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல். நான் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கத் தயாரானேன். ‘ஏன்னா’ வரவில்லை. இரைச்சல் தொடர்ந்தது. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பிறகு இரைச்சல் விலகி, மலைக்கு அந்தப்புறத்துக் குரல் பளிச்சென்று வந்தது. அவள் கூப்பிடவில்லை. ரேடியோ தானாகவும் சரியாகிவிடாது, அழித்தவன் நான்.

முற்றத்தைச் சுவரோரமாகக் கடந்து போனேன். மடிப்புடவையில் அவள் மரப்பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள். ஒரு கையில் ஈரத்துணி. இன்னொரு கையின் ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தாள். பச்சை எண் இரண்டு தடவை மின்னி நின்றது. ஸ்டேஷனை ஞாபகத்தில் ஏற்றுகிற வித்தை அது. எனக்கு இரண்டு வாசிப்புத் தேவைப்பட்டது.

“தொட்டுட்டியே!” என்றேன். வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை. “மடி?”

அவள் திடுக்கிடவில்லை. “ஈரத்துணியால ஒரு தொடை தொடைச்சா ஆச்சு. அப்பறம் அதுவும் மடிதானே.”

“இது எப்போலேர்ந்து?”

“எப்போலேர்ந்துன்னா? மொதல்லேர்ந்தே. நீங்க மாசத்துல பத்து நாள் டூர் போவேளே, அப்போல்லாம் பழைய ரேடியோவ யார் வந்து திருப்பினா?”

காசர்கோட்டிலும் தேவிகுளத்திலும் லாட்ஜ் அறைகளில் படுத்துக்கிடந்த அத்தனை காலைகளும் வரிசையாக வந்து நின்றன. ஒரு காலையிலாவது, இப்போது வீட்டில் அந்தக் குமிழை யார் திருப்புவார்கள் என்று எனக்குத் தோன்றியதில்லை.

“ரோடு ரோடா போய் ஒருத்தர் விடாம கேள்வி கேட்டேள். ஆத்துல இத ஒண்ணு கேக்கணும்னு தோணலியே உங்களுக்கு” என்றாள். குரலில் கோபமில்லை. கிண்டல்தான். அதுவும் முழுக்கக் கிண்டல் அல்ல.

“அப்போ என்னை எதுக்குக் கூப்பிட்டே? தெனம் ஏழெட்டு வாட்டி?”

அடுப்பை அவள் சின்னதாக்கினாள். “நீங்க ஆத்துல இருந்தேள், கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிடலேன்னா பேப்பர்லேர்ந்து தலைய எடுப்பேளா? ஒரு காரியம் சொன்னாத்தானே வருவேள். சும்மா வாங்கோன்னா வருவேளா?”

வந்திருக்க மாட்டேன்.

“இப்போ ஏன் கூப்பிடலை?”

“நீங்கதானே இனிமே கூப்பிட வேண்டாம்னேள்! மூணு வாரம் மழையில அலைஞ்சு, கடை கடையா ஏறி இறங்கி, நான் கூப்பிடாம இருக்கறதுக்குன்னே ஒண்ணு தேடிண்டு வந்து வெச்சேள். சரி, நடந்து நடந்து அலுத்து மடுத்துப் போச்சு போலருக்கு, பாவம், இனிமே சிரமப்படுத்த வேண்டாம்னு நெனச்சேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையா என்று பார்த்தேன். வியர்வை மட்டும் அல்ல. “எனக்கு விஷமமாத்தான் இருந்தது, மனசுக்குக் கஷ்டமா. போட்டும்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. படிக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டு, காப்பி குடித்த வாயோடு, மை படிந்த விரலோடு, அவளைத் தொடவும் முடியாமல் நின்றேன். அவள் குழம்பைக் கிளறப் போய்விட்டாள். நான் அசடுமாதிரி முன்னறைக்குத் திரும்பினேன்.

அன்று மத்தியானம் ஒரு வேஷ்டியை நானே துவைத்தேன். உத்தரத்திலிருந்து தொங்குகிற கொடியில் கோலால் தூக்கிப் போடுவது பார்க்கிற அளவுக்குச் சுலபமல்ல. இரண்டு தடவை கீழே விழுந்து, இரண்டு தடவை மறுபடி துவைத்தேன். மூன்றாம் தடவை கொடியில் ஒரு மூலை தொங்க நின்றது. அவள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்கவில்லை.

மறுநாள் அவள் எழுந்த சத்தம் கேட்டு நானும் எழுந்தேன். காப்பி குடிக்கவில்லை. பேப்பரை எடுக்கவில்லை. கிணற்றடிக் குழாயில் பல் கிட்டிக்கக் குளித்தேன். உலர்ந்தும் உலராமலும் இருந்த அந்த வேஷ்டியைக் கட்டிக்கொண்டு முற்றத்தைத் தாண்டினேன். வெளிச்சம் அப்போதுதான் ஓட்டு விளிம்பில் பால் மாதிரி கசிந்துகொண்டிருந்தது. ரேடியோவில் பக்திப் பாட்டு. நிலைப்படியில் ஒரு நொடி நின்றேன். பிறகு காலை எடுத்து உள்ளே வைத்தேன். அவள் மடியாக இருக்கிற வேளையில் அந்தப் படியை நான் தாண்டியது அதுதான் முதல் தடவை.

அவள் திரும்பிப் பார்த்தாள். என் தலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரையும் கோணலாகக் கட்டிய வேஷ்டியையும் பார்த்தாள்.

“என்ன வேணும்?”

“ஒண்ணும் வேண்டாம்.”

“நான் கூப்பிடலியே.”

“கூப்பிடலை. நானாத்தான் வந்தேன்.”

மூலையிலிருந்த மணையை அவள் காலால் என் பக்கம் நகர்த்தினாள். எங்கள் ஊரில் பயறு என்கிற காராமணிக்காயில் ஒரு கட்டையும் கத்தியையும் பலகையையும் அதன் முன்னால் வைத்தாள். நான் உட்கார்ந்தேன். தரை குளிர்ந்திருந்தது. கீழேயிருந்து பார்க்கும்போது அடுக்களை வேறு அறைபோல இருந்தது. அடுப்பின் நீலச் சுவாலை தெரிந்தது, இத்தனை வருஷமும் முதுகு மட்டுமே பார்த்தவனுக்கு அவள் முகம் தெரிந்தது.

பாட்டு முடிந்து செய்திக்கு மாறுகிற நேரம். அவள் ஈரத்துணியை எடுத்துப் பெட்டியை ஒரு துடை துடைத்தாள். விரலை வைத்து அதை அணைத்தாள்.

“இப்போ சொல்லுங்கோ” என்றாள்.

எனக்கு உடனே ஒன்றும் தோன்றவில்லை. பயறை நறுக்க ஆரம்பித்தேன்.